காற்றின் பெயரில்

கதவைப் பார்க்க வேண்டாம் ஆசாரி, கதவு நல்ல கதவு.
வெளித் தாழ்ப்பாளைப் பார்.
வத்தலக்குண்டுப் பட்டறையில் அடித்த இரும்பு,
கட்டைவிரல் கனம்.
இதைத் தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்று
உன் கைக்குத் தெரியும். அதற்குத்தான் கூப்பிட்டேன்.

மூக்கைப் பொத்தாதே, பூண்டு வாசம்தான்.
மூட்டம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது,
சுவர் இன்னும் விடவில்லை.
அப்போது பரண் நிறையக் கட்டுக் கட்டாய்த் தொங்கும்.
கீழே ஈரத் தைல மரக் கட்டை, தழல் இல்லாத புகை.
சென்றாயன் உள்ளே கட்டுகளைத் திருப்பிப் போடுவான்,
நான் வெளியே கணக்கு எழுதுவேன்.
வடுகபட்டி மண்டியில் ஒன்று,
இங்கே அவன் பார்வைக்கு வேறொன்று.
அவன் அதைக் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
திட்டவில்லை.
“விடியட்டும் மாப்ள, உக்காந்து பேசுவோம்” என்று
உள்ளே போனான்.
திட்டியிருக்கலாம்.

ஒரு பீடி நேரம் என்றுதான் போட்டேன்.
இருமிக்கொண்டு வெளியே வருவான்,
இரண்டு பேரும் சிரித்துவிடலாம் என்று.
பீடி அணைந்தது.
கவுஞ்சியில் ஐப்பசிப் பனிக்கு எதுதான் அணையாது?
இன்னொன்று பற்ற வைத்தேன்.

தட்டினான். மெதுவாக, விருந்தாளி மாதிரி.
“காத்துல தாழு விழுந்திருச்சு மாப்ள, தொற.”

காத்துல.
கேட்டாயா ஆசாரி? என்னைச் சொல்லவில்லை.
நெஞ்சு முழுக்கப் புகையை வைத்துக்கொண்டு
காற்றைச் சொன்னான்.
அந்தச் சொல் என் கைக்குக் கிடைத்த பிறகு
கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.

மறுநாள் அதையேதான் சொன்னேன்.
வந்த அதிகாரி ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார்.
நகரவில்லை.
“மலைக் காத்து சார், ஆளையே தூக்கும்” என்றது கூட்டம்.
எழுதிக்கொண்டார்.
அவன் பெண்டாட்டி வெள்ளையம்மா
காற்று வந்த திசையைப் பார்த்து
மண்ணை வாரித் தூற்றினாள்.
மண் திரும்பி வந்து என் சட்டையில் விழுந்தது.

அதன் பிறகு வர ஆரம்பித்தது.
சென்றாயன் இல்லை. அவன் வந்தால்
கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன்.
வருவது காற்று.
பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து
கூரைத் தகரத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்து
ஜன்னல் இடுக்கில் வாய் வைத்துக் கேட்கும்:
என் பேரை ஏன் எழுத வைத்தாய்?
கோபமாய்க் கேட்டால் தாங்கிக்கொள்வேன்.
கூலி பாக்கி கேட்க வந்தவன் மாதிரி கேட்கிறது,
செருப்பை வாசலில் விட்டுவிட்டு.

பெரியகுளத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார்,
பாதியாய் உடைத்துப் போட வேண்டும்.
போட்ட இரவு நன்றாகத் தூங்கினேன்.
காற்றும் பக்கத்தில் படுத்துத் தூங்கியது.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.
ராத்திரியானால் இந்த அறைக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறேன்.
தாழ்ப்பாள் வெளியே திறந்தபடி இருக்கிறது.
ஒரே ஒரு முறை அது தள்ளிவிட்டால் போதும்.
அதிகாரி எழுதியது மெய்யாகிவிடும்,
சென்றாயன் சொன்னது மெய்யாகிவிடும்.
நானூற்றுப் பதினொரு இரவு.
நோட்டில் இருக்கிறது, வேண்டுமானால் பார்,
இந்தக் கணக்கில் தப்பில்லை.
போன ஆடியில் சாலையோர மரம் வேரோடு சாய்ந்தது,
பள்ளிக்கூடத்து ஓடு பறந்தது.
இது ஒரு நெல் அளவு நகரவில்லை.

கழற்றிவிடவா என்று கேட்காதே.
துருவைச் சுரண்டு. வளையத்தை அகலமாக்கு.
விளக்கெண்ணெய் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது,
சொட்டுச் சொட்டாய் விடு.
பாவம்,
அதற்குக் கை கிடையாது.